குமரிக் கடற்கரை: துறைமுகம், மீன், கருமணல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி என்றதும் சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, அவ்வளவோடு பலர் திரும்பிவிடுகிறார்கள். அந்த முனையிலிருந்து மேற்கே கேரள எல்லை வரை நீளும் கரையைப் பற்றி ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். மீன், மணல், துறைமுகம் மூன்றையும் தனித்தனி விஷயமாகப் பேசுவதுதான் வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒன்றில் கை வைத்தால் மற்ற இரண்டும் அசைகிற கரை இது.

எந்தக் கரையைச் சொல்கிறீர்கள்?

கிழக்கே ஆரோக்கியபுரத்தில் தொடங்கி மேற்கே நீரோடியில் முடிகிற, சுமார் 70 கி.மீ. நீளமுள்ள கன்னியாகுமரி மாவட்டக் கரை. இதற்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள் நெருக்கி நெருக்கி இருக்கின்றன. ஒரு ஊரின் கடைசி வீட்டுக்கும் அடுத்த ஊரின் முதல் வீட்டுக்கும் நடுவே ஒரு கல்லறைத் தோட்டமோ ஒரு வள்ளம் ஏற்றும் மணல்திட்டோ மட்டும் இருக்கும். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி. அதனால்தான் பேச்சிலும் சாப்பாட்டிலும் பழைய ஆவணங்களிலும் இரண்டு பக்கமும் கலந்து கிடக்கும்.

உண்மையிலேயே இங்கே பழைய துறைமுகம் இருந்ததா, அல்லது ஊர்ப்பெருமைக்குச் சொல்கிறார்களா?

இருந்தது. கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பே குமரி முனையையும் அங்கிருந்த துறையையும், நோன்பிருந்து அங்கே நீராட வருகிறவர்களையும் பற்றிச் சொல்கிறது. தேங்காய்ப்பட்டணம் அரபு வணிகர்கள் வந்துபோன இடம். குளச்சல் இயற்கையாகவே அமைந்த துறை. கரைக்கு எதிரே கடலுக்குள் நிற்கிற பாறைகள் அலையின் வேகத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்வதால் கப்பல்கள் நங்கூரம் போட வசதியாக இருந்தது.

இன்றைக்கு மீன்பிடித் துறைமுகம் என்று சொன்னால் நான்கு: சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம். மற்ற ஊர்களில் இன்னும் மணலில்தான் வள்ளம் ஏற்றுகிறார்கள்.

குளச்சல் போரில் டச்சுக்காரர்களை மீனவர்கள் தோற்கடித்தார்கள் என்பது நிஜமா?

போர் நிஜம். 1741 ஆகஸ்ட் 10 அன்று திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை குளச்சலில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை முறியடித்தது. இந்தப் பக்கத்து மிளகு யார் கையில் என்பதுதான் சண்டையின் அடிவேர். டச்சுப் படைத்தலைவர்களில் ஒருவரான டி லனாய் பிடிபட்டு, பிறகு அதே மன்னரிடம் வேலைக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர் படையையே ஐரோப்பிய முறையில் பழக்கிவிட்டார். 1777-இல் இறந்த அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கும், போனால் நின்று படியுங்கள்.

மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்று, தூரத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் துப்பாக்கிப் படை போலத் தெரிந்தார்கள் என்பது செவிவழிக் கதை. அந்தக் கதைக்கு ஆவணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் கடலையும் கரையையும் அறிந்த உள்ளூர் மக்களின் துணை இல்லாமல் அந்தக் கரையில் எந்தப் படையும் நின்றிருக்காது என்பது என் உறுதியான எண்ணம். வெற்றித் தூண் குளச்சலில் இன்றும் நிற்கிறது.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஏன் அடிக்கடி வள்ளம் கவிழ்ந்தது என்று செய்தி வருகிறது?

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் போகிற விஷயம். குழித்துறை வழியாக வரும் தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில், இரையுமன்துறைப் பக்கத்தில் இந்தத் துறைமுகம் இருக்கிறது. (திருநெல்வேலித் தாமிரபரணி வேறு, இது வேறு.) ஆறு மணலைக் கொண்டுவரும், கடலும் மணலைத் தள்ளும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் முகத்துவாரத்தின் ஆழம் குறைந்துகொண்டே போகும். ஆழம் குறைந்தால் என்ன ஆகும்? வெளியே உருண்டு வருகிற அலை, ஆழமான தண்ணீரில் உடையாமல் வந்து, சரியாக வள்ளம் நுழைகிற அந்த வாயிலில்தான் எழுந்து உடையும். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஏறி அடிக்கும்போது அலையும் பெரிது, இடைவெளியும் குறைவு.

அப்போது வள்ளக்காரர் என்ன செய்வார் என்றால், வாயிலுக்கு வெளியே எஞ்சினைக் குறைத்து நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் வரும் அலைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பெரிய அலைகள் வரிசையாகப் போய் முடிந்து, ஒரு சின்ன அமைதி வரும். அந்த அமைதிக்குள் முழு வேகத்தில் உள்ளே பாய வேண்டும். பாதி வழியில் எஞ்சின் நின்றாலோ, பின்னால் எதிர்பாராத ஒரு அலை எழுந்தாலோ வள்ளம் பக்கவாட்டில் திரும்பும், திரும்பினால் கவிழும். பக்கத்தில் பாறையும் கான்கிரீட் கட்டைகளும். கடலில் பிழைத்து வந்தவர் கரைக்குச் சில நூறு மீட்டர் முன்னால் இறந்துபோவது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள்.

அலைத்தடுப்புச் சுவரை நீட்ட வேண்டும், மணலைத் தொடர்ந்து தூர்வார வேண்டும் என்று மீனவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கல் போடும் வேலைகள் நடக்கவும் செய்கின்றன. வரைபடம் போடும் நாளிலேயே அந்த வாயிலில் வள்ளம் ஓட்டப்போகிறவரை உட்காரவைத்துக் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

ஒரே மாவட்டத்தில் ஏன் இரண்டு மீன்பிடித் தடைக்காலம்?

சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருகிறது, அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நாட்டுப்படகுகள், வள்ளங்கள் இந்தத் தடைக்குள் வராது. ஜூலை கடைசியில் குளச்சல் பக்கம் போனால் ஐஸ் ஏற்றுவதும் வலை சரிசெய்வதும் டீசல் நிரப்புவதுமாக ஊரே பரபரப்பாக இருக்கும். ஆகஸ்டில் முதல் படகுகள் திரும்பும்போது கணவாயும் நவரையும் குவியும்.

இன்னும் கட்டுமரம் இருக்கிறதா?

குறைந்துவிட்டது. கரமடி இழுப்பது சில ஊர்களில் இன்னும் உண்டு: நீளமான வலையைக் கடலில் வளைத்துப் போட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இரண்டு குழுக்கள் இழுத்து மெல்ல மெல்ல நெருங்கி வருவார்கள். மற்றபடி இப்போது பைபர் வள்ளமும் வெளிப்பொருத்து எஞ்சினும்தான்.

நடுவில் ஒரு நல்ல கட்டம் இருந்தது, பலருக்குத் தெரியாது. பெல்ஜியத்தில் இருந்து வந்த இயேசு சபைக் குருவும் பொறியாளருமான பியர் ஜிலே என்பவரின் முயற்சியில் முட்டத்தில் ஒட்டுப்பலகை வள்ளம் கட்டும் வேலை தொடங்கியது. அலை உடைகிற கரையிலேயே இறக்கி ஏற்றக்கூடிய, மீனவர் கூட்டாக வாங்கக்கூடிய விலையில் வள்ளம் வேண்டும் என்பதுதான் எண்ணம். இழுவைப்படகுகளோடு கட்டுமரக்காரர்கள் மோதிக்கொண்டிருந்த காலம் அது. பெரிய படகுக்குப் பதில் பெரிய படகு என்று போகாமல், இருக்கிற கரைக்கு ஏற்ற வள்ளத்தைத் தேடினார்கள். இன்றைய பைபர் வள்ளங்களுக்கு முன்னே நடந்த இந்தக் கதையை மாவட்டத்துப் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கலாம்.

ஜிபிஎஸ் இல்லாத காலத்தில் நடுக்கடலில் இடத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கணிச்சம் பார்த்து. கரையில் ஒரு மலையுச்சியையும் ஒரு கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்துக்கொள்வார்கள். இன்னொரு பக்கம் வேறொரு மலையையும் வேறொரு அடையாளத்தையும் அதே மாதிரி. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கீழே பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு இருக்கும், மீன் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை கரைக்கு இவ்வளவு நெருக்கமாக வந்து நிற்பதால் இங்கே இது சாத்தியமானது. நீரோட்டத்தை நீவாடு என்பார்கள், அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துத்தான் வலை விடுவது. அப்பாவிடமிருந்து மகனுக்குப் போன இந்த அறிவில் பெரும்பகுதி எழுதிவைக்கப்படவே இல்லை. வயதானவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து பதிவுசெய்ய வேண்டிய வேலை இது.

பெண்களுக்கு இந்தத் தொழிலில் என்ன பங்கு?

கரைக்கு வந்த மீன் காசாக மாறுவதே அவர்கள் கையில். கடவம் என்கிற கூடையில் மீன் ஏந்தித் தலைச்சுமடாக உள்நாட்டு ஊர்களுக்கு நடந்தவர்கள் அவர்கள்தான். பஸ்ஸில் ஏற்ற மறுத்ததும் உண்டு. வீட்டில் உட்கார்ந்து வலை கட்டுவது பல ஊர்களில் பெண்களுடைய வருமானமாக இருந்தது. நைலான் வலை இயந்திரத்தில் பின்னப்பட்டு வரத் தொடங்கியதும் அது போய்விட்டது. தொழில் நவீனமானதைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இழப்பை ஒரு வரியிலாவது சொல்ல வேண்டும்.

தூத்தூர்க்காரர்கள் சுறா வேட்டைக்காரர்கள் என்கிறார்களே?

சரிதான். இரையுமன்துறை முதல் நீரோடி வரை, தூத்தூரைச் சுற்றியுள்ள எட்டு ஊர்களின் ஆட்கள் ஆழ்கடல் தூண்டில் தொழிலில் பேர்பெற்றவர்கள். சுறா, சூரை, நெய்மீன். சொந்த ஊரில் பெரிய படகு கட்ட வசதி இல்லாததால் கொச்சி தோப்பும்படியை மையமாக வைத்துக்கொண்டு வாரக்கணக்கில், சில சமயம் ஒரு மாதத்துக்கும் மேல் கடலிலேயே இருப்பார்கள். ஓமன் பக்கமும் போவார்கள், தெற்கே இந்தியப் பெருங்கடல் தீவான டீகோ கார்சியா பக்கமும் போவார்கள். எல்லை தெரியாமல் நுழைந்து வேறு நாட்டுச் சிறையில் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது அதிகம் இழந்தது இந்த ஊர்கள்தான். குமரி முனைக்கு அருகிலேயே உருவாகி மிக வேகமாகப் பலம் ஏறிய புயல் அது. பல நாள் முன்னாலேயே கடலுக்குப் போயிருந்த படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவே இல்லை, ஏனென்றால் சாதாரண வயர்லெஸ்ஸும் கைபேசியும் அந்தத் தூரத்துக்கு வேலை செய்யாது. உடல் கிடைக்காத குடும்பங்கள் இறப்புச் சான்றிதழுக்குக் காத்திருந்த கதை தனி. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பரிமாறும் கருவிகள் படகுகளுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

வெட்ஜ் பேங்க் என்றால் என்ன? ஏன் அதைப் பற்றி இவ்வளவு பேச்சு?

குமரி முனைக்குத் தெற்கே கடலடியில் மேடாகக் கிடக்கிற, 10,000 சதுர கி.மீ.க்கும் மேல் பரப்புள்ள மீன்வளப் பகுதி. 1976-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட கடல் எல்லை உடன்பாட்டில் இது இந்தியாவுடையது என்று உறுதியானது. இலங்கைப் படகுகளுக்கு மூன்று வருடம் மட்டும் அவகாசம் தந்தார்கள். கச்சத்தீவைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இப்போது இந்தப் பக்கத்தில் எண்ணெய், எரிவாயு தேடும் திட்டம் வந்திருப்பதால் மீனவர்கள் எதிர்க்கிறார்கள். நான்கு துறைமுகத்துக்கும் மீன் தருகிற இடம் என்பதால் அந்தப் பயம் நியாயமானது.

மணல் ஏன் கறுப்பாகவும் சிவப்பாகவும் இருக்கிறது?

குமரி அம்மனுக்கும் சுசீந்திரத்து இறைவனுக்கும் நடக்காமல் போன கல்யாணத்து அரிசியும் பருப்பும்தான் இப்படி மணலானது என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கதையோடுதான் முனையில் பல நிற மணல் பொட்டலங்கள் விற்பார்கள்.

புவியியல் கதை இது: மலையில் உள்ள பழமையான பாறைகள் லட்சக்கணக்கான வருடம் வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து, பழையாறு, வள்ளியாறு, தாமிரபரணி வழியாகக் கடலுக்கு வருகின்றன. கடல் அதைக் கழுவுகிறது. கனம் குறைந்த வெள்ளை மணலை அலை திரும்ப இழுத்துக்கொண்டு போகும், கனமான மணிகள் கரையிலேயே தங்கும். மீனவப் பெண் முறத்தில் அரிசி புடைப்பதை ஒவ்வொரு அலையும் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் சீறுகிற மாதங்களுக்குப் பிறகு மணவாளக்குறிச்சி, சின்னவிளை, பெரியவிளைப் பக்கம் கரை கறுத்துக் கிடப்பது இதனால்தான்.

ஒரு பிடி அள்ளி வெயிலில் விரித்துப் பாருங்கள். சாதாரண மணலைவிடக் கனம் கையிலேயே தெரியும். மினுங்குகிற கறுப்பு இல்மனைட், மாதுளை முத்து நிறத்தில் கார்னெட், கண்ணாடி போல நிறமில்லாமல் இருப்பது சிர்கான், இடையிடையே தேன்மஞ்சளாக உருண்டையான சின்ன மணிகள் இருந்தால் மோனசைட். வலுவான காந்தத்தை அருகே கொண்டுபோனால் கறுப்பு மணிகள் எழுந்து ஒட்டும்.

இதை முதலில் கண்டுபிடித்தது யார்?

1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர். இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைப் பார்த்து, அது எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டே மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த வருடமே அங்கே ஆலை போட்டார். அந்தக் காலத்தில் மோனசைட்டுக்கு ஏன் அவ்வளவு கிராக்கி என்றால், அதிலுள்ள தோரியத்தில்தான் கேஸ் விளக்கின் மேன்டில் செய்தார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கில் பட்டுத்துணிப் பை மாதிரித் தொங்குமே, அதுதான். ஐரோப்பிய நகரத் தெருக்களின் வெளிச்சத்துக்கு நம்ம கரை மணல் போனது. முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன்காரரான அவர் கைதாக, தொழில் ஆங்கிலேயக் கம்பெனிகள் கைக்கு மாறியது.

பிறகு அணுசக்தி வந்ததும் தோரியத்தின் மதிப்பே வேறாகிவிட்டது. 1947-இல் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று அறிவித்ததன் பின்னணியில் இந்த மணலும் இருந்தது. 1950-இல் இந்திய அருமண் (rare earths) நிறுவனம், அதாவது ஐ.ஆர்.இ., தொடங்கப்பட்டு, 1965-இல் மணவாளக்குறிச்சி ஆலை அதன் கீழ் வந்தது.

மணலைப் பிரித்து என்ன செய்கிறார்கள்?

தண்ணீரில் சுழலவிட்டுக் கனமானதைப் பிரிப்பது முதல் வேலை. அப்புறம் காந்தம், அப்புறம் உயர் மின்னழுத்தம். இல்மனைட் காந்தத்துக்கும் வரும், மின்சாரத்தையும் கடத்தும். கார்னெட் காந்தத்துக்கு வரும், மின்சாரம் கடத்தாது. ரூட்டைல் மின்சாரம் கடத்தும், காந்தத்துக்கு வராது. சிர்கானுக்கு இரண்டும் இல்லை. இந்தக் குணங்களை வைத்தே ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம். இல்மனைட், ரூட்டைல் இரண்டிலிருந்தும் வெள்ளைப் பெயின்ட்டுக்கான டைட்டானியம் டை ஆக்சைடு, சிர்கானில் இருந்து டைல்ஸுக்கான பூச்சு, கார்னெட் உப்புத்தாளுக்கு, மோனசைட்டில் இருந்து காந்தங்களுக்கான அருமண் தனிமங்களும் தோரியமும். மோனசைட்டைத் தனியார் தொட முடியாது, அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருகிற பொருள். தமிழ்நாட்டில் 2013-இல் தனியார் தாது மணல் எடுப்பதே நிறுத்தப்பட்டது.

கதிர்வீச்சால் புற்றுநோய் வருகிறதா?

மோனசைட் அதிகமுள்ள கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதல், அதில் சந்தேகமில்லை. ஆலை வருவதற்கு முன்பும் அப்படித்தான். கேரளத்தில் இதே மாதிரி மணலுள்ள கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து 2009-இல் வெளியான ஆய்வு, கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றது. ஆனால் மணவாளக்குறிச்சியிலும் சின்னவிளையிலும் ஒவ்வொரு தெருவிலும் நோயாளியைப் பார்த்த மக்களிடம் அந்த ஊர் ஆய்வை நீட்டி வாயடைப்பது முறையில்லை. இந்தக் கரை மக்களை வைத்து, இங்கேயே, வெளிப்படையாக ஓர் ஆய்வு நடத்த வேண்டும் என்று அவர்கள் கேட்பது குறைந்தபட்ச உரிமை.

கிள்ளியூர் பக்கம் புதிதாக மணல் எடுக்கப்போவதாகச் சொல்கிறார்களே?

கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய கிராமங்களில் 1,144 ஹெக்டேரில் தாது மணல் எடுக்க ஐ.ஆர்.இ. திட்டம் வைத்திருக்கிறது. 2024-இல் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தபோது எதிர்ப்பு கிளம்பி, கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

நாட்டுக்கு அருமண் தனிமங்கள் தேவை, இறக்குமதியை நம்பி இருக்க முடியாது என்ற வாதம் உண்மையானதுதான். அதே அளவு உண்மை இன்னொன்று: ஏற்கெனவே கடலரிப்பில் வீடு இழந்துகொண்டிருக்கிற, இந்தியாவிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழ்கிற கரைகளில் ஒன்று இது. கரை மணல்தான் அந்த வீடுகளுக்கு முன்னால் நிற்கிற ஒரே அரண். 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடியில் என்ன நடந்தது என்று பார்த்தவர்கள் மணலை வெறும் தாதுவாக எண்ண மாட்டார்கள். கொட்டில்பாட்டில் பலர் ஓடும்போது ஊருக்குப் பின்னால் கிடந்த ஏ.வி.எம். கால்வாயில் விழுந்து இறந்தார்கள். 1860-களில் படகுப் போக்குவரத்துக்காக வெட்டிப் பாதியில் விட்ட கால்வாய் அது. கரையில் செய்து பாதியில் விட்ட ஒரு வேலை நூற்றாண்டுக்குப் பிறகும் ஆளை வாங்கும்.

அதனால் என் கருத்து: ஊர்க்கூட்டத்தில், புரிகிற தமிழில், எத்தனை அடி ஆழம், எத்தனை வருடம், நிரப்புவது எதைக் கொண்டு என்று எழுத்தில் தராமல் ஒரு கூடை மணலும் எடுக்கக் கூடாது.

தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவர்) போட்டால் கடலரிப்பு நின்றுவிடாதா?

போட்ட ஊரில் ஓரளவு நிற்கும், பக்கத்து ஊரில் கூடும். கரையோரம் நகர்கிற மணலை ஒரு இடத்தில் பிடித்து நிறுத்தினால் அடுத்த இடத்துக்கு வரவேண்டியது வராது. துறைமுகச் சுவரும் இதையேதான் செய்கிறது. ஊருக்கு ஒரு வளைவு என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குவதைவிட ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை ஒரே கரையாக வைத்துத் திட்டமிட வேண்டும்.

நேரில் பார்க்க வேண்டுமானால் எங்கே போகலாம்?

நாகர்கோவிலை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டக்கோட்டை, முட்டம் கலங்கரை விளக்கம், மணவாளக்குறிச்சிக் கரை, குளச்சல் வெற்றித் தூண், உதயகிரிக் கோட்டை, கடைசியில் தேங்காய்ப்பட்டணம். ஏலம் பார்க்க ஆசையிருந்தால் குளச்சல் துறைமுகத்தில் படகு அணைகிற நேரத்தைக் கேட்டுவைத்துக்கொண்டு போங்கள். மீனைக் குவித்துக் கொட்டியதும் ஏலம் கூறுகிறவர் விலையை ஏற்றிக்கொண்டே போவார், சில நிமிடத்தில் முடிந்துவிடும், கண் சிமிட்டினால் யார் எடுத்தார்கள் என்று தெரியாது. வழியில் நிற்காமல் ஓரமாக நில்லுங்கள், ஐஸ் பெட்டி தூக்கி வருகிறவர் நின்று வழி கேட்க மாட்டார். படம் எடுக்கும்முன் ஒரு வார்த்தை கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான ஊர்களில் கடலுக்குப் போக மாட்டார்கள், வேறு நாள் பார்த்துக் கிளம்புங்கள்.